ஒதுக்கி வைத்த கடிதம்: ஜேட் கூடியின் மரணமும் 4,78,000 பரிசோதனைகளும்

2008 ஆகஸ்ட் மாதம். இந்தி பிக் பாஸின் இரண்டாவது சீசன் அப்போதுதான் தொடங்கியிருந்தது. இங்கிலாந்திலிருந்து வந்து அந்த வீட்டுக்குள் போயிருந்த ஜேட் கூடியை 18ஆம் தேதி கன்ஃபெஷன் ரூமுக்குக் கூப்பிட்டார்கள். இந்தியாவுக்குக் கிளம்புவதற்கு முன் ஊரில் செய்துகொண்ட பரிசோதனையின் முடிவு வந்திருந்தது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். சுற்றிலும் கேமரா. அவருக்கு வயது 27. ஊரில் இரண்டு பையன்கள், மூத்தவனுக்கு ஐந்து வயது, இளையவனுக்கு நாலுகூட முடியவில்லை. நிகழ்ச்சியிலிருந்து விலகி உடனே ஊர் திரும்பினார்.

ஏழே மாதம். 2009 மார்ச் 22 அதிகாலையில் எசெக்ஸில் தன் வீட்டிலேயே இறந்துபோனார். பிரிட்டனில் அன்றைக்கு அன்னையர் தினம்.

2008 நடுவிலிருந்து 2009 நடுவரைக்குமான அந்த ஓராண்டில் இங்கிலாந்தில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனைக்கு வந்த பெண்களின் கணக்கைப் பின்னால் எடுத்துப் பார்த்தார்கள். வழக்கமாக எதிர்பார்க்கும் எண்ணிக்கையைவிட சுமார் 4,78,000 பரிசோதனைகள் கூடுதலாக நடந்திருந்தன. மருத்துவ இதழ்களில் இதற்கு ‘ஜேட் கூடி விளைவு’ என்றே பெயர் வந்துவிட்டது.

பிரபலம் ஒருவருக்குப் புற்றுநோய் வந்தால் மக்கள் பயப்படுவார்கள், அனுதாபப்படுவார்கள், இரண்டு வாரம் அதைப் பற்றியே பேசுவார்கள். இது எல்லா ஊரிலும் நடப்பதுதான். அந்தப் பயத்தையும் அனுதாபத்தையும் தாண்டி இத்தனை பெண்கள் எழுந்து போய்ப் பரிசோதனைக் கட்டிலில் படுத்தது எப்படி என்பதுதான் எனக்கு முக்கியமான கேள்வி. என் பெரியம்மா அப்படி எழுந்து போகவில்லை. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

யார் இந்த ஜேட்

தெற்கு லண்டனில் பெர்மான்சி என்ற உழைப்பாளர் பகுதியில் 1981இல் பிறந்தவர். அப்பா போதைப் பழக்கத்தில் விழுந்தவர். அம்மாவுக்கு மோட்டார் சைக்கிள் விபத்தில் ஒரு கை செயலிழந்துபோனது. சின்ன வயதிலேயே வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஜேட் தலையில். படிப்பு ஏறவில்லை. பல் மருத்துவரிடம் உதவியாளராக இருந்தவர், 2002இல் பிரிட்டிஷ் பிக் பிரதர் (நம் பிக் பாஸுக்கு முன்மாதிரியான நிகழ்ச்சி) மூன்றாவது சீசனுக்குள் போனார்.

அந்த நாட்டில் ஈஸ்ட் ஆங்கிலியா என்று ஒரு பகுதி இருக்கிறது. ஜேட் அதை ‘ஈஸ்ட் ஆங்குலர்’ என்று சொல்லி, ஏதோ வெளிநாடு என்று நினைத்துப் பேசினார். நாடே சிரித்தது. சிரித்ததோடு விட்டிருந்தால் பரவாயில்லை, பரபரப்புப் பத்திரிகைகள் அவர் உடம்பைப் பற்றியும் எழுதின. பன்றி என்று எழுதின. ஒரு 21 வயதுப் பெண்ணைப் பற்றி நாட்டின் பெரிய பத்திரிகைகள் அப்படி எழுதியதை இன்றைக்கு நினைத்தாலும் மனசு கூசுகிறது. நாலாவது இடத்தில் வெளியே வந்த ஜேட், அந்தப் புகழை வைத்தே வாசனைத் திரவியம், சுயசரிதை, டிவி நிகழ்ச்சி என்று சம்பாதிக்கத் தொடங்கினார்.

அப்புறம் 2007 ஜனவரி. பிரபலங்களுக்கான பிக் பிரதரில் ஷில்பா ஷெட்டியோடு நடந்தது நம் ஊரில் பலருக்கும் நினைவிருக்கும். ஷில்பாவை அப்பளத்தோடு சேர்த்துப் பேசியதும் சண்டை போட்டதும் இனவெறி என்று 40,000க்கும் மேற்பட்ட புகார்கள் ஒளிபரப்புக் கண்காணிப்பு அமைப்புக்குப் போயின. பாட்னாவில் கொடும்பாவி எரித்தார்கள். அப்போது பிரிட்டனின் நிதியமைச்சராக இருந்த கார்டன் பிரவுன் இந்தியப் பயணத்தில் இருந்தார். அவரிடமும் இதைப் பற்றியே கேட்டார்கள். ஜேட் வெளியேற்றப்பட்டார், மன்னிப்புக் கேட்டார், சந்தையில் மதிப்பு விழுந்தது. ஒன்றரை வருடம் கழித்து இந்திய பிக் பாஸுக்கு வந்ததுகூட அந்தக் கறையைக் கழுவிக்கொள்ளத்தான். அந்த சீசனைத் தொகுத்து வழங்கியவர் ஷில்பா ஷெட்டியே.

இதையெல்லாம் இவ்வளவு விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு பெரிய நடிகைக்கோ ராஜ குடும்பத்துப் பெண்ணுக்கோ நோய் வந்தால், அது வேறு உலகத்தில் நடக்கிற சோகம். ஜேட் அப்படி இல்லை. அரசு கட்டிக்கொடுத்த குடியிருப்பில் வளர்ந்து, பத்து வார்த்தையில் நாலைத் தப்பாகச் சொல்லி, எடையோடு போராடி, கடன் வாங்கி, குழந்தைகளைத் தனியாக வளர்க்கும் லட்சக்கணக்கான பெண்களுக்கு அவர் பக்கத்து வீட்டுப் பெண். அவரைப் பிடிக்காதவர்களுக்குக்கூட அவரை நன்றாகத் தெரியும்.

ஏழு மாதம்

சிகிச்சை தொடங்கியது. கர்ப்பப்பை அகற்றும் அறுவை சிகிச்சை, கீமோதெரபி, கதிர்வீச்சு. 2009 பிப்ரவரியில் நோய் குடலுக்கும் கல்லீரலுக்கும் பரவிவிட்டது, இனி குணமாகாது என்று தெரிந்தது. அந்த மாதம் 22ஆம் தேதி காதலரை மணந்துகொண்டார். கீமோவில் முடி முழுக்கக் கொட்டிய தலையோடு மணப்பெண்ணாக நின்றார். மணமகன் ஒரு தாக்குதல் வழக்கில் சிறையிலிருந்து நிபந்தனையோடு வெளியே வந்தவர், இரவில் வீடடங்க வேண்டும். திருமண இரவுக்காக நீதித்துறை அமைச்சர் ஜாக் ஸ்ட்ரா அந்த நிபந்தனையைத் தளர்த்தினார். மார்ச் முதல் வாரத்தில் லண்டன் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையில் தன் பையன்களோடு சேர்ந்து ஞானஸ்நானம் பெற்றார். இரண்டு வாரத்தில் முடிந்துவிட்டது.

திருமணப் படங்களையும் கடைசி நாட்களின் ஒளிப்பதிவையும் பெரிய தொகைக்கு விற்றார். சாவை விற்கிறாள் என்று ஒரு பக்கம் திட்டினார்கள். பையன்களின் படிப்புக்குக் காசு சேர்க்கிறேன் என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். அம்மா இல்லாமல் வளரப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு தாய் விட்டுப்போக முடிந்தது அதுதான் என்றால், அதில் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. கேமராவுக்கு முன்னால் வாழ்ந்தேன், சாவும் அதன் முன்னால்தான் போல என்ற பொருளில் அவர் பேசியதும் வெளிவந்தது.

மரணத்தை இப்படிக் காட்டலாமா என்ற வாதம் நடந்துகொண்டிருந்த அதே நேரத்தில், இங்கிலாந்தின் ஆய்வகங்களில் மாதிரிகள் குவிந்துகொண்டிருந்தன.

கணக்கு என்ன சொல்கிறது

வரைபடத்தைப் பார்த்தால் கூட்டம் ஏறுவதும் இறங்குவதும் அவர் கதையைப் பின்தொடர்ந்தே போகிறது. நோய் அறிவிப்பு வந்த 2008 ஆகஸ்டுக்குப் பிறகு ஒரு ஏற்றம். அப்புறம் கொஞ்சம் தணிவு. இனிக் குணமாகாது என்று தெரிந்ததும் மறுபடி ஏற்றம். அவர் இறந்த மார்ச்சில் உச்சம். அந்த மாதம் எதிர்பார்த்ததைவிட 70 சதவீதம் அதிகம்.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் இது வெறும் பீதி என்று ஒதுக்கிவிடலாம். எனக்கு இந்த ஆய்வில் முக்கியமாகப் பட்டது அடுத்த வரி. வந்தவர்கள் யார் என்று பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். 25 முதல் 49 வயது வரையிலான பெண்களுக்கு அப்போது மூன்று வருடத்துக்கு ஒரு முறை பரிசோதனை. அந்த வயதில் கூடுதலாக வந்தவர்களில் 28 சதவீதம் பேருக்கு ஐந்து வருடத்துக்கும் மேலாகப் பரிசோதனையே நடக்கவில்லை. மூன்று வருடம் முடியும் முன்பே அவசரப்பட்டு வந்தவர்கள் 8 சதவீதம்தான். அதாவது யார் வர வேண்டுமோ அவர்கள் வந்தார்கள். பரிசோதனைக்கு வரச் சொல்லும் கடிதத்தைக் கையில் வாங்கி, அப்புறம் பார்க்கலாம் என்று ஒதுக்கி வைத்தவர்கள் வந்தார்கள்.

இது எல்லாப் பிரபலங்களுக்கும் வாய்ப்பதில்லை. 2005 மே மாதம் பாடகி கைலி மினோக்குக்கு மார்பகப் புற்றுநோய் என்ற செய்தி வந்ததும் ஆஸ்திரேலியாவில் மாமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) முன்பதிவு இரண்டு வாரத்தில் 40 சதவீதம் கூடியது. நல்ல விஷயம்தான். ஆனால் கைலிக்கு வயது 36. அவரைப் பார்த்து இளம்பெண்களும் ஸ்கேன் எடுக்கக் கிளம்பினார்கள், அந்த வயதில் கூடுதலாகப் புற்றுநோய் எதுவும் பிடிபடவில்லை. இன்னும் பின்னால் போனால், 1987இல் அமெரிக்க ஜனாதிபதியின் மனைவி நான்சி ரீகன் தன் மார்பகத்தை முழுதாக அகற்றிக்கொண்டார். கட்டியை மட்டும் எடுத்து மார்பகத்தைக் காக்கும் அறுவை சிகிச்சை இருந்தும் அவர் முழு அகற்றலைத் தேர்ந்தெடுத்தார். அடுத்த சில மாதம் அமெரிக்கப் பெண்களிடையே மார்பகம் காக்கும் அறுவை சிகிச்சை கால் பங்கு குறைந்தது. மக்கள் பிரபலத்தின் நோயை மட்டும் பார்ப்பதில்லை. அவர் என்ன செய்தார், என்ன செய்யாமல் விட்டார் என்பதையும் பார்த்துக்கொள்கிறார்கள்.

ஜேட் செய்யாமல் விட்டது

அவருக்கு இது முதல் எச்சரிக்கை அல்ல. அதற்கு முன்பே பரிசோதனையில் அசாதாரணச் செல்கள் தெரிந்து சிகிச்சையும் நடந்திருந்தது. பிறகு மறுபடி சிகிச்சைக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தபோது, பயத்தில் போகாமல் விட்டுவிட்டதாக அவரே சொன்னார்.

பயத்தில் போகவில்லை. இந்த ஒரு வரிதான் எல்லாவற்றையும் மாற்றியது என்று நான் நினைக்கிறேன். ஒழுங்காகப் போய்ப் பார்த்தும் நோய் வந்திருந்தால் மக்கள் விதி என்று சொல்லியிருப்பார்கள். இங்கே விதியின் பேச்சுக்கு இடமே இல்லாமல் போனது. அதே கடிதம் எத்தனையோ வீட்டுச் சமையலறை இழுப்பறையில், மின்கட்டண ரசீதுக்கு அடியில் கிடந்தது.

அந்தக் கடிதத்தின் பின்னால் ஒரு ஏற்பாடு இருக்கிறது. 1988இலிருந்து பிரிட்டனில் கணினிப் பட்டியல் வைத்துப் பெண்களைக் கூப்பிடுகிறார்கள். ஊர் மருத்துவரிடம் பெயர் பதிவாகியிருந்தாலே போதும், முறை வந்ததும் அழைப்பு வீடு தேடி வரும். வராதவர்களுக்கு நினைவூட்டல் வரும். காசு கிடையாது. பரிசோதனை ஐந்து நிமிட வேலை. முழங்காலை மடக்கிப் படுக்க வேண்டும். நர்ஸ் ஸ்பெகுலம் என்ற விரிப்புக் கருவியை உள்ளே வைத்து மெதுவாக விரிப்பார். விளக்கு வெளிச்சத்தில் கர்ப்பப்பை வாய் தெரிந்ததும், சின்னத் துடைப்பம் போன்ற ஒரு மெல்லிய பிரஷ்ஷை அங்கே வைத்து ஐந்து சுற்றுச் சுற்றுவார். பிரஷ்ஷில் ஒட்டிய செல்களைத் திரவக் குப்பியில் சேர்த்து, மூடி, பெயர் ஒட்டி ஆய்வகத்துக்கு அனுப்புவார். கூச்சமாக இருக்கும், சிலருக்கு வலிக்கும். அந்தக் கூச்சமும் வலியும் ஒரு பக்கம், ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டுமே என்ற பயம் இன்னொரு பக்கம். போகாமல் இருக்க இது போதும்.

நோயோ அவசரப்படாதது. மனிதப் பாப்பிலோமா வைரஸ், சுருக்கமாக ஹெச்பிவி, உள்ளே நுழைந்து செல்களை மாற்றிப் புற்றாக்கப் பொதுவாகப் பத்து, பதினைந்து வருடம் ஆகும். அதற்குள் எப்போது பார்த்தாலும், கெட்டுப்போன இடத்தை மட்டும் எடுத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பலாம். வர வேண்டியவர் வராமல் இருக்கும்போதுதான் அது முற்றுகிறது.

பெண்களிடம் நேரடியாகக் கேட்டுச் செய்த ஓர் ஆய்வில், ஐந்தில் இரண்டு பேர் பரிசோதனை பற்றித் தாங்கள் எடுத்த முடிவில் ஜேட் கதைக்குப் பங்கு உண்டு என்றார்கள். அதில் இளையவர்கள் அதிகம். வசதி குறைந்த குடும்பத்துப் பெண்களிடமும் அந்தத் தாக்கம் கூடுதலாகத் தெரிந்தது. சுகாதாரத் துறை துண்டறிக்கை எத்தனை அச்சடித்தாலும் எட்ட முடியாமல் தவிக்கும் பெண்கள் அவர்கள். இந்த இடத்தைப் படித்தபோது எனக்கு ஜேட் மீது பெரிய மரியாதை வந்தது. அவரைப் படிக்காதவள் என்று சிரித்த நாட்டில், படிப்பைப் பாதியில் விட்ட பெண்களுக்கு அவர்தான் விஷயத்தைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

வயதுச் சண்டை

சரி, எல்லாமே நல்லதாக நடந்துவிட்டதா என்றால் இல்லை. இங்கிலாந்தில் பரிசோதனை தொடங்கும் வயதை 2003இல் 20இலிருந்து 25ஆக உயர்த்த முடிவெடுத்திருந்தார்கள். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் அப்போது 20தான். ஜேட் இறந்ததும், வயதைத் திரும்ப 20ஆக்கு என்ற குரல் பலமாக எழுந்தது. அரசு நிபுணர் குழுவிடம் மறுபரிசீலனைக்கு அனுப்பியது. ஊரே அழுதுகொண்டிருக்கும்போது முடியாது என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள்.

2009 ஜூனில் குழு 25 என்பதையே உறுதி செய்தது. இருபதுகளின் தொடக்கத்தில் ஹெச்பிவி தொற்றும் சின்னச் சின்னச் செல் மாற்றங்களும் மிக சகஜம், பெரும்பாலானவை தானாகவே சரியாகிவிடும். அவற்றைத் தேடிப் பிடித்து வெட்டி எடுத்தால் கர்ப்பப்பை வாய் பலவீனமாகி, பிறகு குழந்தை குறைமாதத்தில் பிறக்கும் ஆபத்து கூடும். இன்னொன்றும் இருக்கிறது. ஜேட் இறக்கும்போது வயது 27, பரிசோதனை செய்துகொண்டவர், கடிதம் பெற்றவர். வயதுவரம்பு 20ஆக இருந்திருந்தாலும் அவர் கதை மாறியிருக்காது. துக்கத்தில் இருந்த மக்களுக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் போனதில் தப்பில்லை. குழு அதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னதுதான் பெரிய காரியம்.

பேசாமல் விட்டது

ஜேட்டுக்கு நோய் தெரிந்த 2008 ஆகஸ்டுக்கு அடுத்த மாதமே பிரிட்டன் பள்ளிகளில் 12, 13 வயதுச் சிறுமிகளுக்கு ஹெச்பிவி தடுப்பூசி தொடங்கியது. அதற்கும் அடுத்த மாதம், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு இந்த வைரஸ்தான் காரணம் என்று கண்டுபிடித்த ஜெர்மன் விஞ்ஞானி ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர். மூன்றும் அடுத்தடுத்து.

மூன்றையும் சேர்த்து ஒரே பக்கத்தில் எழுதியிருந்தால் படிக்கத் தெரிந்த ஒவ்வொரு வீட்டுக்கும் விஷயம் போயிருக்கும். ஆனால் அந்த மாதங்களின் பிரிட்டிஷ் பத்திரிகைகளை எடுத்துப் படித்த ஆய்வாளர்கள் கண்டது வேறு. கல்யாணப் புடவைக்கு நம் ஊர்ப் பத்திரிகைகள் ஒதுக்குகிற இடம்போல அங்கே கல்யாண கவுனுக்கு. கணவர், கண்ணீர், பையன்கள், பணம். நோய் எப்படி வருகிறது, எப்படித் தடுப்பது என்பதற்குக் கிடைத்த இடம் மிகக் குறைவு. வைரஸ் பெயர் வந்ததே அபூர்வம்.

ஏன் என்பது ஊகிக்கக் கூடியதுதான். ஹெச்பிவி உடலுறவு வழியாகப் பரவுவது. வாழ்நாளில் பெரும்பாலானவர்களுக்கு ஒரு முறையாவது தொற்றி, தெரியாமலே போய்விடும் சாதாரண வைரஸ் அது. ஆனால் பரவும் வழியைச் சொன்னவுடன் கேட்கிறவர் மனசு அந்தப் பெண்ணின் ஒழுக்கத்தை எடைபோடக் கிளம்பிவிடுகிறது. இறந்துகொண்டிருக்கும் இளம் தாயிடம் அந்தப் பேச்சைக் கொண்டுபோக யாருக்கும் மனம் வந்திருக்காது. விளைவு என்னவென்றால், பரிசோதனைக்குப் போ என்பது ஊர் முழுக்கத் தெரிந்தது, எதற்காகப் போக வேண்டும் என்பது பாதிப் பேருக்குத் தெரியாமலே நின்றது.

நம் பக்கம்

இப்போது பெரியம்மா. எங்கள் வீட்டில் புற்றுநோய் என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ‘அந்த நோய்’ என்பார்கள், ‘பெரிய வியாதி’ என்பார்கள், ஆஸ்பத்திரிக்காரர்கள் சொன்னதைத் திருப்பிச் சொல்ல வேண்டியிருந்தால் குரலைத் தாழ்த்தி ‘கேன்சராம்’ என்பார்கள். பெரியம்மாவுக்கு மாதவிலக்கு நின்று ஆறு வருடம் கழித்து உதிரப்போக்கு வந்தது. ஒன்றரை வருடம் யாரிடமும் சொல்லவில்லை. பழைய நூல்சேலையைக் கிழித்து மடித்து வைத்துக்கொண்டு, விடிவதற்கு முன்னால் கிணற்றடிக்குப் போய் அலசி, மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் காயப்போட்டிருக்கிறார். வாடை வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

“ஏன் பெரியம்மா, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?” என்று கேட்டேன்.

“பேரன் பேத்தி எடுத்த வயசுல இதைப் போய் யார்கிட்டடி சொல்றது?” என்றார். அப்புறம் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். மூன்றாம் கட்டம். அதற்கப்புறம் நாங்கள் ஓடியதெல்லாம் வீண்.

பெரியம்மா டிவி பார்க்காதவர் இல்லை. மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட நடிகை கௌதமி பல மேடைகளில் அதைப் பற்றிப் பேசியிருக்கிறார், ‘லைஃப் அகெய்ன்’ என்ற அமைப்பையும் நடத்துகிறார். அவர் பேசுவதைப் பெரியம்மாவும் பார்த்திருக்கிறார். “பாவம், நல்ல பொண்ணு” என்று கண் கலங்கியிருக்கிறார். அந்தக் கண்ணீரோடு மறுநாள் காலையில் அவர் எங்கே போயிருக்க முடியும்? அவர் பெயருக்கு எந்தக் கடிதமும் வந்ததில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் முப்பது வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு இந்தப் பரிசோதனை இலவசமாகச் செய்கிறார்கள் என்பது எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கும் அப்போது தெரியாது, அதை நினைத்தால் இன்றைக்கும் தூக்கம் வராது.

2020 கணக்குப்படி இந்தியாவில் ஒரே ஆண்டில் சுமார் 1,24,000 பெண்களுக்கு இந்த நோய் புதிதாக வந்தது, 77,000 பேர் இறந்தார்கள். 2024 பிப்ரவரி 1 அன்று இடைக்கால பட்ஜெட்டில் 9 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்குத் தடுப்பூசியை ஊக்குவிப்போம் என்று நிதியமைச்சர் சொன்னார். மறுநாள் நடிகை பூனம் பாண்டே கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் இறந்துவிட்டதாக அவருடைய இன்ஸ்டாகிராம் பக்கத்திலேயே செய்தி வந்தது. அதற்கு அடுத்த நாள், உயிரோடுதான் இருக்கிறேன், விழிப்புணர்வுக்காகச் செய்தேன் என்று அவரே வீடியோ போட்டார். ஒரு நாள் முழுக்க நாடு இந்த நோயின் பெயரைத் தேடியது உண்மை. ஆனால் வீட்டில் ஒருவரை இதே நோய்க்குக் கொடுத்தவர்கள் அந்த வீடியோவை எப்படிப் பார்த்திருப்பார்கள்? நான் முழுதாகப் பார்க்கவில்லை, பாதியில் போனை வைத்துவிட்டேன். ஜேட்டின் கதையில் மக்களை அசைத்தது அதன் உண்மை. மூத்தவனுக்கு ஐந்து வயது, அம்மா இருக்க மாட்டாள் என்ற உண்மை. மரணம் பொய் என்று தெரிந்ததும் எல்லாரும் கோபப்பட்டது அந்த நடிகை மேல்தான். நோயைப் பற்றிய பேச்சு அந்தக் கோபத்தில் காணாமல் போனது.

பிரபலம் யாருமே இல்லாமல் நடந்த ஒரு காரியத்தையும் இங்கே சொல்ல வேண்டும். திண்டுக்கல் மாவட்டத்தில், ஒட்டன்சத்திரம் பக்கம் அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ மருத்துவமனையை மையமாக வைத்து 2000இல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. 30 முதல் 59 வயது வரையிலான 49,311 பெண்களைப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். பயிற்சி பெற்ற நர்சுகள் கர்ப்பப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் பொறுத்துப் பார்ப்பார்கள். நாம் சமையலில் ஊற்றும் வினிகரில் இருப்பது அதே அமிலம். கெட்டுப்போன இடம் வெள்ளையாகத் தெரியும். தெரிந்தால், முடிந்தவரை அங்கேயே உறையவைத்துச் சிகிச்சை. அழைத்தவர்களில் 63 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்தார்கள். நம் கிராமத்துப் பெண்கள். பெரியம்மாவைப் போன்றவர்கள்தான். பரிசோதனை நடக்காத ஊர்களோடு ஒப்பிட்டபோது இந்த நோயால் நிகழும் மரணம் 35 சதவீதம் குறைந்திருந்தது. 2007இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வெளிவந்தது. ஜேட்டின் கதைக்கு ஒரு வருடம் முன்னால்.

அந்த ஊர்களில் வாசலுக்கு வந்து பெயர் சொல்லிக் கூப்பிட ஓர் ஆள் இருந்தார். இங்கிலாந்தில் கடிதம் இருந்தது. எங்கள் தெருவில் இரண்டும் இல்லை.

அதற்குப் பிறகு

இங்கிலாந்தின் கூட்டம் நிலைக்கவில்லை. 2009 முடிவதற்குள் எண்ணிக்கை பழைய நிலைக்கு இறங்கிவிட்டது. பிறகு மெல்ல மெல்ல இன்னும் குறைந்து, 2018இல் வர வேண்டியவர்களில் சுமார் 71 சதவீதம் பேர்தான் உரிய காலத்துக்குள் பரிசோதனை செய்திருந்தார்கள். 21 வருடத்தில் அதுதான் மிகக் குறைவு. ஜேட் இறந்தபோது பள்ளிக்கூடத்தில் இருந்த பெண்கள் அதற்குள் அழைப்புக் கடிதம் வரும் வயதுக்கு வந்திருந்தார்கள். அவர்களில் பலருக்கு ஜேட் யாரென்றே நினைவில்லை.

அவர்களைவிடச் சற்று இளையவர்களாக ஒரு பிரிவினர் உண்டு. 2008 செப்டம்பரில் 12, 13 வயதில் பள்ளியில் தடுப்பூசிக்கு வரிசையில் நின்ற முதல் கூட்டம். அப்போது மூன்று ஊசி, முதல் ஊசிக்கு ஆறு மாதம் கழித்து மூன்றாவது. கணக்குப் போட்டால், ஜேட் இறந்த அந்த மார்ச் வாக்கில்தான் பல சிறுமிகள் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மூன்றாவது ஊசிக்கு நின்றிருப்பார்கள். 2021இல் வெளிவந்த ஆய்வு, அந்த வயதில் ஊசி போட வாய்ப்புக் கிடைத்த பெண்களிடம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் 87 சதவீதம் குறைந்திருப்பதாகக் காட்டியது.